ஆள் தெரியாத உடுப்பு

என் மனைவி ஜூலியட் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு யார் மாதா கோயில் பூசைக்கு வந்தாலும், கடைசி வரிசையில் இருந்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். தோளில் ஒரு சுருக்கம் இருக்காது. வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரைச் சுற்றி ஆறேழு ஊருக்கு அவள்தான் டெய்லர். நான் ஜெரால்ட், வீட்டின் பின்னறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். முன்னறை ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின். ஜன்னலுக்கு வெளியே ரோடு, அதைத் தாண்டினால் துரைராசு அண்ணனின் வயல்.

கழுத்து வலிக்கிறது என்று நிமிர்ந்து நிமிர்ந்து அந்த வயலைப் பார்த்தே அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது. பார்த்ததையெல்லாம் செல்போனில் பட்டியல் போட்டு எங்கோ இருக்கும் பறவைக்காரர்களுக்கு அனுப்புவாள். சோறு போடும்போது, "இன்னிக்குப் பதினாலு வகைங்க" என்பாள். குழம்பு எங்கே என்று நான் கேட்பேன்.

போன குறுவை அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடிவந்தாள். அந்த வயலின் மூலையில், வரப்போரக் கோரைக்குள் மயில் உள்ளான் என்ற பறவை கூடு கட்டியிருக்கிறதாம். நாலு முட்டை. நேராகத் துரைராசு அண்ணனிடம் போய், அந்த மூலையை மட்டும் அறுக்காமல் விடச் சொன்னாள்.

"நானும் ரெண்டு நாளா அந்த வரப்புல போயிட்டு வர்றேம்மா. ஒரு பறவையும் உக்காரல. விட்டுட்டுப் போன கூடு அது" என்றார் அவர். "சனிக்கிழமை அறுப்பு மிஷின் வருது. அது முட்டைமேல உக்காந்திருக்கிறத எனக்குக் காட்டு, விட்டுடுறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. வரப்பில் காலடி கேட்டாலே அந்தப் பறவை கோரைக்குள் நழுவிவிடும். ஆள் போன பிறகுதான் திரும்பி வரும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே கிடக்க வேண்டும், ஆனால் ஆள் இருப்பது தெரியக்கூடாது.

"ஒரு உடுப்பு தைக்கப் போறேன்" என்றாள். பள்ளிக்கூடச் சீருடைகளை மூலையில் தள்ளினாள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த பழைய மீன்வலை ஒன்று வீட்டில் கிடந்தது. சாக்கைக் கிழித்து டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்தாள். பச்சையும் பழுப்புமாய்த் துண்டுத் துணிகளைச் சேர்த்தாள். ஒரே நாளில் முழு உடுப்பு, தலைக்கு முக்காட்டோடு. நான் அசந்துபோனேன். தோள் கச்சிதம், இடுப்பு கச்சிதம், இந்தப் பக்கம் எத்தனை துண்டோ அந்தப் பக்கமும் அத்தனை. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டாள்! இஸ்திரி போடாத துணி அவள் கையை விட்டு வெளியே போனதே இல்லை.

வியாழன் காலை அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் படுத்தாள். ஜன்னலில் இருந்து பார்த்தேன். திருவிழாவுக்குக் கிளம்பிய பொம்பளை அசதியில் படுத்த மாதிரி இருந்தது. பறவை கூட்டுப் பக்கமே வரவில்லை. முட்டை சூடு ஆறிவிடும் என்று அரை மணியில் எழுந்து வந்துவிட்டாள். வந்தவள் அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உடுப்பைத் தரையில் விரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருபது வருசமா உடம்பு எடுப்பாத் தெரியத்தாங்க தச்சிருக்கேன். இது உடம்பே தெரியாமப் போகணும்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். "நீங்க வெட்டுங்க. என் கை தானா நேரா போயிடுது. உங்களுக்குத்தான் எதையுமே நேரா வெட்ட வராதே."

இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கல்யாணமான நாளாய்க் கிடைத்ததில்லை. வெட்டித் தள்ளினேன். அவள் தோள் தையலைப் பிரித்தாள். ஒரு பக்கம் முடிச்சு முடிச்சாய் அடர்த்தியாகவும் மறுபக்கம் இழை இழையாகவும் சாக்குநாரைக் கட்டினாள். ஒவ்வொரு கோணல் முடிச்சுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் வயல் சேற்றில் முக்கிக் காயப்போட்டாள். இஸ்திரிப் பெட்டியை நான் ஒளித்துவைத்தேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட்டாள். ஏழு மணிக்கு எங்கள் வாசலோரம் ரோட்டில் அறுப்பு மிஷின் வந்து நின்றது. துரைராசு அண்ணன் தலையில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"எங்கப்பா ஜூலியட்டு? விட்டுட்டாளா?"

"வரப்புலதாண்ணே இருக்கா."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் படுத்திருக்கும் இடம் எனக்குத் தெரியும். அவள் மேல் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் வெட்டியவன் நான். கோரை தெரிந்தது, வரப்பு தெரிந்தது, என் மனைவி தெரியவில்லை. நெஞ்சு விம்மியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அந்த நேரம் என் போனுக்கு ஜூலியட்டிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கோரைக்கு நடுவே பறவை முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் போன்ல யாரு வேணா அனுப்பலாம்ப்பா" என்றார் அண்ணன்.

"பின்னாடி பாருங்கண்ணே."

பறவைக்குப் பின்னால், தூரத்து ரோட்டில், சிவப்பு மிஷின் நின்றது. அதன் பக்கத்தில் மஞ்சள் தலைக்கட்டோடு ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போனை வாங்கி மறுபடி மறுபடி ஓட்டினார்.

"ஆத்தாடி, நானேதான்!" என்றார். பிறகு மெல்ல, "பொட்டை இம்புட்டு நேரம் அசையாம உக்காந்திருக்கே?"

"அது ஆணுண்ணே. இந்த ஜாதில முட்டைய விட்டுட்டுப் பொட்டை போயிடும். ஆணுதான் அடைகாக்கும், குஞ்சையும் வளர்க்கும்னு ஜூலியட் சொன்னா."

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மிஷின் டிரைவரிடம் நடந்துபோய், அந்த மூலையில் பத்துக் குழி நிலத்தை விட்டுவிட்டு மற்றதை அறுக்கச் சொன்னார்.

"எதுக்குங்க? கதிர் நல்லாத்தானே முத்தியிருக்கு?" என்றான் டிரைவர்.

"அங்கன ஒரு தகப்பன் உக்காந்திருக்கான்ப்பா" என்றார் அவர்.