அத்தையின் புரோமைடு

எங்கள் நாய்க்கு வலிப்பு. ஓசூர் கால்நடை டாக்டர் ஒரு பாட்டிலைத் தந்தார். "பொட்டாசியம் புரோமைடு. ஒரு வேளைகூட விட்டுடாதீங்கம்மா."

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம்! அறுபதுகளின் கடைசியில், நான் சிறுமியாக இருந்தபோது, சமையலறை ஜன்னலைக் கம்பளியால் மூடி, தானே கலக்கிய டெவலப்பரில் அப்பா படம் கழுவுவார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அத்தையை எடுத்த ஃபிலிம் பழசு. நுனியை வெட்டிக் கழுவிப் பார்த்தால் ஒரே சாம்பல் மூட்டம்.

"துளி புரோமைடு போட்டா மூட்டம் கொறையும். அதுக்கு பெங்களூருதான் போவணும்," என்றார்.

அத்தை தன் வலிப்பு மருந்துப் பொட்டலத்தை நீட்டினாள். "இதுவும் அதானேண்ணா? எனக்கு வலிப்பு வந்தே வருசமாச்சி. படம் நல்லா வரட்டும்."

அப்பா தயங்கித்தான் வாங்கினார்.

படத்தில் அத்தையின் மூக்குத்திகூடப் பளிச்சென்று விழுந்தது. அதைப் பார்த்துப் பிடித்துப்போன மாப்பிள்ளை வீட்டார், அத்தைக்குப் புது மருந்து வாங்குவதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். காபித் தட்டோடு வந்த அத்தை அவர்கள் முன்னாலேயே வெட்டி இழுத்து விழுந்தாள். மாப்பிள்ளையின் அம்மா படத்தைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார். அப்புறம் யாரும் பெண் கேட்டு வரவில்லை.

இன்று டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்து, இப்போது என்னோடு இருக்கும் அத்தையிடம் நாயின் மருந்துப் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இத நானே வேளாவேளைக்குக் குடுக்கறேன்டி," என்றாள்.