பச்சை மாறாத ஃப்ரீசர்

1. ஓணம் கழிந்து கதவைத் திறந்தபோது

ஓண விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்தவர்கள் முதலில் பார்த்தது தரையில் தேங்கியிருந்த தண்ணீரை. இரண்டாம் ஃப்ரீசர் நின்றுபோயிருந்தது. உள்ளே பல வருடங்களாக நோயாளிகளிடம் எடுத்துச் சேர்த்த ரத்த மாதிரிகள். எல்லாம் உருகிக் கெட்டுவிட்டன. ரத்தம் கொடுத்தவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?

திருவனந்தபுரத்தில் அந்த ஆய்வகத்துக்கு நெட்வொர்க், மானிட்டரிங் இரண்டையும் பார்த்தது எங்கள் கம்பெனி. நான் அங்கே சீனியர் இன்ஜினியர். கரமனையிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் குற்றவாளியை முடிவு செய்துவிட்டிருந்தார்கள். விடுமுறையில் மானிட்டரிங் ரூமில் டூட்டி பார்த்த ஆபரேட்டர் செல்விதான் அது.

எங்கள் மேனேஜர் நாகராஜன் சார் ஆரியசாலையில் மொத்தக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்காரர். எதையும் நின்ற நிலையில் பேசி முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"கோமதி, இதுல ஆராய என்ன கெடக்கு? ஸ்கிரீனைப் பாக்க உக்கார வச்ச ஆளு பாக்கல. ஃபோனை நோண்டிட்டு இருந்திருப்பா. ஆபரேட்டர் மிஸ்டேக்னு ரெண்டு வரி எழுதிக் குடு, கேட்டோ."

"பாக்காம எப்படி சார் எழுதறது?"

"பாத்து என்ன கண்டுபிடிக்கப் போற? நம்ம கம்பெனி செட்டப்புல தப்புன்னு வந்தா நாளைக்கு நம்மள வெளிய தள்ளிருவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த செட்டப்பைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவரே அவர்தான். செல்வியைத் தேடிப் போனேன்.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண். டிப்ளமோ முடித்துவிட்டு மலையிறங்கி வந்தவள். ஆய்வகம் அவளுக்குக் கொடுத்திருந்த கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பார்களா என்பது என் ரிப்போர்ட்டைப் பொறுத்திருந்தது. அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது.

"சத்தியமா பாத்துக்கிட்டேதான் இருந்தேன் அக்கா. சிவப்பு வரவே இல்ல. ரெண்டு ஃப்ரீசரும் பச்சையாத்தான் இருந்துச்சு. எல்லாரும் ஓணச் சாப்பாட்டுக்குப் போனாங்க, நான் அதுக்குக்கூட எந்திரிக்கல."

2. ஆடாத கோடு

முதலில் கிராஃபைத் திறந்தேன். ஃப்ரீசரின் வெப்பநிலை ஒரே எண்ணில் நிற்கவே நிற்காது. கம்ப்ரஸர் ஓடினால் இறங்கும், நின்றால் ஏறும். ஒன்றாம் ஃப்ரீசரின் கோடு அப்படித்தான் ஆடியது. இரண்டாவதன் கோடு விடுமுறையின் முதல் நாளிலிருந்து ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி நேராக இருந்தது. மைனஸ் எழுபத்தொன்பது, அசையாமல்.

அன்று மழையில் கரன்ட் போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரீசருக்கும் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, இரண்டும் ரீஸ்டார்ட் ஆகியிருக்கின்றன. இரண்டாம் ஃப்ரீசரின் பிரேக்கர் ட்ரிப் ஆகி அது நின்றுபோனதும் அப்போதுதான்.

வேலை நடக்கும் விதம் இதுதான். சென்சர் சொல்லும் எண்ணை ஒரு புரோகிராம் படித்து ஒரு ஃபைலில் எழுதும். ஏஜென்ட் என்ற இன்னொரு புரோகிராம் அந்த ஃபைலைப் பார்த்து மானிட்டரிங் சர்வருக்கு அனுப்பும். முதல் கம்ப்யூட்டர் லினக்ஸ். அதில் இரண்டு புரோகிராமும் சர்வீஸாக ஓடின, கரன்ட் வந்ததும் தாமாகவே எழுந்துகொண்டன. இரண்டாவது விண்டோஸ். அதில் ஏஜென்ட் மட்டும்தான் சர்வீஸ். சென்சரைப் படிக்கும் புரோகிராம் யாராவது லாக்-இன் செய்தால்தான் ஓடும்.

இதற்கு முன் எத்தனையோ முறை கரன்ட் போயிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் தினமும் காலையில் லேப் டெக்னீஷியன் வந்ததும் கையைக் கழுவுவதற்கு முன்னாலேயே அந்தக் கம்ப்யூட்டரில் லாக்-இன் செய்வார். அவர் தன் மெயிலைப் பார்க்கத்தான் செய்தார். அந்தப் பழக்கத்தில்தான் இத்தனை காலம் ஃப்ரீசர் கண்காணிக்கப்பட்டிருக்கிறது, யாருக்கும் தெரியாமல். ஓணத்துக்கு அவரும் வரவில்லை. பழைய எண் ஃபைலிலேயே கிடந்தது. ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது, சர்வரும் பச்சை காட்டியது.

3. சாயா டம்ளர்

சொன்னால் நம்ப மாட்டார் என்று நாகராஜன் சாரைக் கையோடு கூட்டிப் போனேன். இரண்டாம் ஃப்ரீசரைப் பழுது பார்த்து ஓடவிட்டிருந்தார்கள், டெக்னீஷியன் லாக்-இன் செய்திருந்ததால் அதன் எண்ணும் சரியாக வந்துகொண்டிருந்தது. இரண்டு கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கி மறுபடி செருகினேன். விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. அதன் சென்சரை ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்து, கேன்டீனிலிருந்து வாங்கிவந்த கொதிக்கும் சாயாவில் முக்கினேன்.

டாஷ்போர்டு மைனஸ் எழுபத்தெட்டு என்றது. பச்சை.

அவர் டம்ளரைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். "அட பாவமே," என்றார்.

"செல்வி என்ன சார் பண்ணுவா?"

"புரியுது. நீ ரிப்போர்ட் எழுது."

அப்பாடா என்று இருந்தது. எல்லாவற்றையும் எழுதினேன், கிராஃபோடு. அன்று மதியமே சென்சரைப் படிக்கும் புரோகிராமை சர்வீஸாக மாற்றினேன். ஃபைல் பழசானால் சிவப்பு வரும்படியும் செய்தேன்.

4. அதன் பிறகு

ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூட மாற்றாமல்தான் நாகராஜன் சார் ஆய்வகத்துக்கு அனுப்பினார். கடைசியில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: ஆபரேட்டர் ஃப்ரீசரை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

நேராக அவர் அறைக்குள் போனேன். "ஆய்வகம் வேற பில்டிங். பூட்டிக் கெடந்துது. சாவி அவ கையில கெடையாது. எப்படி சார் நேர்ல பாப்பா?"

"எனக்குத் தெரியாதா கோமதி? புரோகிராம் மேல தப்புன்னா அவங்க கேக்கற அடுத்த கேள்வி, அதுக்கு ஓகே சொன்னது யாருன்னு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அவளுக்கு என்ன, சின்ன வயசு, வேற வேலை கிட்டும்."

கத்தினேன். ஆய்வகத்துக்குத் தனியாக மெயிலும் போட்டேன். பதில் வந்தது, என் தெளிவான ஆய்வைப் பாராட்டி. செல்வியின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண் சரியா என்று பார்க்காதே, எப்போது வந்த எண் என்று முதலில் பார். எந்த ஓ.எஸ். ஆனாலும் பிளக்கைப் பிடுங்கிச் செருகி, யாரும் தொடாமல் தானாக எழுகிறதா என்று சோதித்த பிறகே கையெழுத்துப் போடு. பச்சை காட்டும்போதுதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஊருக்குத் திரும்பும் செல்வியைத் தம்பானூர் ஸ்டாண்டில் விதுரை பஸ் ஏற்றிவிடப் போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அழவில்லை.

"நான் அன்னைக்கு வேற என்ன செஞ்சிருக்கணும் அக்கா? சொன்னீங்கன்னா அடுத்த எடத்துல சரியா செய்வேன்."

"ஒண்ணும் இல்லடி. நீ செஞ்சது எல்லாம் சரிதான்."

"அப்போ அடுத்த எடத்துலயும் இப்படித்தான் ஆகும், அல்லே?" என்றாள்.