அப்பா கோடு போடாத படம்

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் எங்கள் ஊர் தியேட்டரில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு அப்போது தமிழே மூன்றாம் வகுப்பு அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஒரு வாரமும் தவறாமல் போவோம். அம்மா வரமாட்டாள். பாட்டு இல்லாத படத்துக்கு யார் வருவார்கள் என்பாள். நாங்கள் திரும்பி வந்ததும் சோறு போட்டுக்கொண்டே கதையை மட்டும் கேட்டுக்கொள்வாள்.

அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனுக்குள் கையை விட்டு, வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல், எது இருந்தாலும் அந்த இடத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழுந்த பனியன் டேமேஜ் மூட்டைக்குப் போய்விடும். வாரத்தில் ஆறு நாள் குற்றம் பார்த்த கண்ணுக்கு ஏழாம் நாள் லீவு விட அவருக்குத் தெரியவில்லை. சாக்பீஸ் சட்டைப் பையிலேயே கிடக்கும். படத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் முன் பெஞ்சின் முதுகில் ஒரு கோடு போடுவார். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அந்தக் குதிரைப் படத்துக்கு முதல் தடவை போனபோது பதினோரு கோடு விழுந்தது. யாரோ இத்தாலிக்காரன் கம்மிக் காசில் எடுத்த படம் என்று டிக்கெட் கிழிப்பவர் சொன்னாராம். படத்தில் வாய் மூடிய பிறகும் பேச்சு வந்தது. ஆறு குண்டு போட்ட துப்பாக்கி ஒன்பது தடவை வெடித்தது. வெள்ளைக் குதிரையில் மலை ஏறியவன் செவலைக் குதிரையில் இறங்கினான். இரண்டு ஊர் என்று காட்டிய இரண்டிலும் ஒரே கிணறு. சண்டையில் ஒருத்தன் சட்டை கிழிந்து உள்ளே பனியன் தெரிந்ததும் அப்பாவால் உட்காரவே முடியவில்லை. குதிரையில் போகிற காலத்தில் இந்தத் தையலை எந்த மிஷினில் போட்டார்களாம் என்று என் காதில் கேட்டுவிட்டு, அழுத்தி ஒரு கோடு போட்டார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய டேமேஜ், செத்தவர்கள் திரும்பி வந்ததுதான். பல் போன கிழவன் ஒருத்தன் பாலத்தில் சுடப்பட்டு ஆற்றில் விழுந்தான். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சாராயக் கடையில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான். அங்கேயும் சுட்டார்கள், அங்கேயும் செத்தான். கடைசியில் சர்ச்சில் மணியடிக்க வந்து நின்றான். அவன் ஒருத்தனுக்கு மட்டும் அப்பா இரண்டு கோடு போட்டார்.

நல்லதும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சுடுவதற்கு முன்னால் ரொம்ப நேரம் சும்மாவே நிற்பார்கள். மூக்கில் ஈ உட்காரும், கன்னத்தில் வேர்வை இறங்கும், தூரத்தில் யாரோ சீட்டியடிப்பது மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் தியேட்டரில் கடலை உடைக்கிற சத்தம்கூட நின்றுவிடும். அந்தப் பாலைவனம் சித்திரை மாதத்தில் விளைச்சலில்லாமல் காய்ந்து கிடக்கும் பொங்கலூர்க் காடு மாதிரியே இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பொங்கலூர் அவர் பிறந்த ஊர்.

வீட்டுக்கு வந்து கிழவன் செத்துச் செத்துப் பிழைத்ததை அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. இன்றைக்கும் அம்மாவின் முகம் எனக்கு அந்தச் சிரிப்பில்தான் ஞாபகம் இருக்கிறது. வேறு எப்படி நினைத்துப் பார்த்தாலும் வரமாட்டேன் என்கிறது.

மாசியில், நான்கு நாள் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, பொங்கலூரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார்.

கருமாதி முடிந்து இரண்டாவது ஞாயிறு அதே படம் மறுபடி வந்தது. முதல் நாள் சாயங்காலமே போஸ்டர் முன்னால் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றதைப் பார்த்தேன். துக்க வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்புகிற வரை சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அத்தை வாசலை மறித்துக்கொண்டு, ஊர் என்ன பேசும் என்று கேட்டார்.

"புள்ளை பாக்கோணும்னு அழுவுறாக்கா" என்றார் அப்பா.

நான் அழவே இல்லை. என் பேரில் இப்படி ஒரு பொய்யா என்று கோபம் வந்தது. ஆனாலும் படம் கிடைக்கிறதே என்று கண்ணைக் கசக்கி வைத்தேன்.

தியேட்டரில் துப்பாக்கி ஒன்பது தடவை வெடித்தது. குதிரை நிறம் மாறியது. கிணறு வந்தது. அப்பா ஒரு கோடும் போடவில்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவன் ஆற்றில் விழுந்ததும் பெஞ்சின் நுனிக்கு வந்தவர் அப்படியே இருந்தார். ஈ உட்கார்ந்ததையும் சீட்டியடித்ததையும் அவர் ரசித்ததாகத் தெரியவில்லை. சாராயக் கடைக் கதவு திறந்து, உள்ளே கிழவன் கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்றபோதுதான் மூச்சை விட்டார்.

யாராவது ஒருத்தர் வேலையைப் பார்க்க வேண்டுமே என்று அவர் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து நான் கோடு போடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. அது டேமேஜ் இல்ல."

பிடித்த கையைப் படம் முடிகிற வரை விடவில்லை.

வெளியே பங்குனி வெயில். செத்தவன் எப்படித் திரும்பி வருகிறான் என்று கேட்டேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே விளக்கினார். படம் எடுப்பவனிடம் காசு கம்மி, ஆட்கள் பற்றாது, அதனால் செத்தவனையே வேறு சட்டை மாட்டித் திரும்ப வரச் சொல்வார்கள் என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"நம்ம ஊட்லயும் ஆளு பத்துலீங்களேப்பா" என்றேன்.

 எங்கள் வீடு இருக்கிற ராயபுரம் வரைக்கும் அப்பா சைக்கிளில் ஏறவும் இல்லை, என்னை ஏற்றவும் இல்லை. எனக்குக் காலில் செருப்பு கிடையாது, தார் ரோடு சுட்டது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று குனிந்து அமுக்கிப் பார்த்தேன். காற்று நிறைய இருந்தது. நல்ல சைக்கிளை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் எதற்கு நடக்கிறோம் என்று வழியெல்லாம் அவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தேன்.