மஞ்சள் வைத்த கவிதைப் புத்தகம்

ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பழகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன பிரஸ்ஸில் நான் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோக்கிற வேலை. எங்களுக்கு வருவதெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் வாழ்த்து மடலும்தான்.

ஒரு நாள் டீச்சரம்மா கவிதைக் கட்டோடு உள்ளே வந்தார். எனக்குக் கை ஓடவில்லை. பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்துபவர், பேர்பெற்ற நாவலாசிரியை. அவருடைய தொடர்கதை வந்த நாட்களில் ஐயம்பேட்டையில் எங்கள் தெருவே தறியை நிறுத்திவிட்டு, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கும். நாவல்களை மெட்ராஸில் பெரிய பதிப்பகம் போடுகிறது. கவிதையை மட்டும் எங்களிடம் ஏன் கொடுக்கிறார்? எனக்கு மண்டை குடைந்தது. முதலாளியிடம் கேட்டேன்.

“அதெல்லாம் கேக்காதப்பா. வந்த வேலைய பாரு” என்றார் முதலாளி.

கோக்கக் கோக்கத் தெரிந்தது, எல்லாமே காய்ச்சலில் போன அவருடைய ஒரே மகளைப் பற்றியவை. சில வரிகளில் கண்ணீர் மறைத்து எழுத்து தெரியாமல் போயிற்று. ஆனாலும் ஏன் இங்கே என்பது மட்டும் விளங்கவில்லை.

முதல் சில பக்கங்களைப் பூட்டிய ஃபாரம் மெஷினில் ஏறிய அன்று டீச்சரம்மாவும் வந்திருந்தார். கல்யாண வேலை என்றால் முதல் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கொடுத்தவர் கையில் தருவது எங்கள் பிரஸ் வழக்கம். மெஷின்மேன் முனுசாமி இதற்கும் தடவி, சிரித்த முகமாக அவரிடம் நீட்டிவிட்டான்.

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா காரியம் பண்ணிட்டே முனுசாமி? செத்துப்போன பொண்ணுக்குப்பா இது. நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே.”

“வரி வரியா இருந்திச்சும்மா. கல்யாண வாழ்த்து மடல்னு நெனச்சுக்கினு வச்சிட்டேன்” என்றான் முனுசாமி. மூன்று பிள்ளைக்காரன்.

டீச்சரம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர ஒண்ணும் சொல்லாதீங்க. எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகைய இங்கதான் அடிக்கணும்னு இருந்தேன். அதான் இத இங்க கொண்டாந்தேன். எல்லா புஸ்தகத்துக்கும் மஞ்சள் வைங்க. இவரே வைக்கட்டும்.”

முதலாளியே மஞ்சள் கிண்ணத்தை எடுத்து முனுசாமி கையில் கொடுத்தார். பைண்டிங் முடிந்து வந்த புத்தகங்களுக்கெல்லாம் முனுசாமிதான் மஞ்சள் வைத்தான், அழுதுகொண்டே.

ஒரு வேலை நம்மிடம் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் சிலரிடம் அதைக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொல்லும்வரை காத்திருங்கள், பிள்ளைகளே.