கொடுவா மீனின் செதில்

நாங்கள் யூதர்கள். மந்தைவெளியில் இதைச் சொன்னால், "அப்படின்னா ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்று கேட்பார்கள். பெரியப்பா பொறுமையாக விளக்கம் சொல்வார். அப்பா, "ரெண்டும் இல்லீங்க" என்று நடையைக் கட்டிவிடுவார். மாடியில் பெரியப்பா குடும்பம், கீழே நாங்கள். மாடியில் கடவுள் உண்டு, கீழே கிடையாது. அதற்காகச் சண்டையெல்லாம் வந்ததில்லை.

செதில் உள்ள மீனைத்தான் உண்ணலாம் என்பது எங்கள் மதச் சட்டம். பெரியப்பா அதில் இம்மியும் பிசகமாட்டார். அப்பாவோ பெசன்ட் நகர் கடற்கரையில் நின்றுகொண்டே இறால் வறுவல் சாப்பிடுவார். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதே என்று எனக்கு அடிக்கடி பாடம் வேறு நடத்துவார்.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியதும் இரண்டு குடும்பமும் மாடியில் சேர்ந்து சாப்பிடுவோம். மீன் வாங்குவது பெரியப்பாவின் வேலை. எனக்குப் பத்து வயதில், ஒரு கோடை விடுமுறையில், அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. என்னையும், என் வயதே ஆன தன் மகனையும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு மீன் வாங்க அனுப்பினார். "முழு மீனா எடுத்து, செதில் இருக்கான்னு கண்ணால பாருங்க. அப்புறம்தான் வெட்டச் சொல்லணும்" என்று மூன்று தடவை சொன்னார்.

"இன்னா நைனா, பெரியவரு வரலியா?" என்றார் மீன்கார அம்மா. அந்த நேரம் பார்த்து மணலில் ஒரு படகை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூடையை எட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு கொடுவாவை வெட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஓடினோம். சரியாகச் சொன்னால், நான் ஓடினேன், அவன் பின்னால் வந்தான். திரும்பியபோது தோல்கூட இல்லாத துண்டுகள்தான் பையில் இருந்தன. அவன் முகம் வெளிறிவிட்டது. "பாத்தோம்னு சொல்லிடலாம்டா" என்றேன்.

வீட்டில் பெரியப்பா கேட்டார். "பாத்தேன் பெரியப்பா" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் பெரியம்மா குழம்பு பரிமாறினார். பெரியப்பா மகன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அதைக் கவனித்த அப்பா, "ஏன்டா மீனைத் தொடல?" என்றார். அவன் அழுதுவிட்டான். பெரியப்பாவின் கை அப்போதுதான் மீன் துண்டுக்குப் போனது. அப்பா சட்டென்று அந்தக் கையைப் பிடித்தார்.

"வேணாம்ணா. பசங்க பாக்கல."

பெரியப்பா எழுந்து கை கழுவிவிட்டு வந்து, வேறு தட்டில் ரசம் சாதம் சாப்பிட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு அப்பா மேல்தான் கோபம். படியிறங்கும்போது, "நீங்க மட்டும் இறாலே சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"நான் தெரிஞ்சு சாப்பிடுறேன். அவரு உன்னை நம்பி சாப்பிட உக்காந்தாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெடுநேரம் யோசித்ததில் ஒரே ஒரு காரணம்தான் பிடிபட்டது. மறுநாள் காலை பெரியப்பா மகனை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன்: "எங்கப்பாவுக்கும் சாமி பயம் இருக்குடா."