லண்டன் பைலட்டும் நம்மூர் வெயிலும்

இன்று அன்னவாசல் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மா. அவர் மகன் கப்பலேறி லண்டன் போய், விமானம் ஓட்டக் கற்று வந்திருக்கிறாராம்.

“நானும் ஓட்டுவேங்க. மெட்ராஸ்ல கத்துக்கிட்டேன்” என்றேன்.

“மெட்ராஸ்லயா? அது போதுமா, ஆத்தா?”

அவரே தொடர்ந்தார்.

“வந்ததுலேருந்து அவனுக்குத் தடுமாத்தம். நம்ம வெயில்ல எறக்குனா, பிளேன் தரையில ஒக்காராம மெதந்துக்கிட்டே போகுதாம். மெட்ராஸ்ல ஒரு வாத்தியார் மறுபடி சொல்லிக் குடுக்குறாராம். லெட்டர் போட்டிருக்கான்.”

மகனின் பெயரைக் கேட்டேன். என் மாணவர்தான்! வாத்தியார் ஒரு பெண் என்பதை மட்டும் வீட்டுக்கு எழுதவில்லை.

இறங்கும்போது சொன்னேன்: “திங்கக்கெழமை பன்னெண்டு மணி வெயிலுக்கு வரச் சொல்லி எழுதுங்கம்மா. நாந்தான் அந்த வாத்தியார்.”

மெட்ராஸ் போதுமா, போதாதா? நீங்களே சொல்லுங்கள்.