தப்புப் பதில் சொன்ன விமலா

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் நின்றிருந்தேன். அடுத்த மாதம் எங்கள் மாணவர்களுக்குப் பட்டமளிப்பு விழா. நாங்கள் இருவரும் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று விமலா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். மயில்கழுத்து நிறத்தில் இரண்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்போதுதான் அவர் மகள் தாரணி அழைத்தாள்.

"இந்திரா ஆன்டி, அம்மா காலையில எழுந்திருக்கவே இல்ல ஆன்டி. டாக்டர் வந்து பாத்துட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்."

விஷயம் தெரியாத கடைப்பெண், "அக்கா, ரெண்டையும் பேக் பண்ணிடவா?" என்று கேட்டாள். தலையசைத்தேன். அன்று மாலை கிள்ளானில் அவர் வீட்டில் அதில் ஒன்றைத்தான் விமலாவுக்கு உடுத்தினோம்.

விமலாவை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் தந்து படிக்கவைக்கும் திட்டம் ஒன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் உண்டு. கல்வியியல் துறையில் அவரும் நானும் ஒரே நாளில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். திட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் துறையில் சிரிப்புச் சத்தம் கேட்காத நாள் இல்லை.

முதல் நேர்காணலிலேயே அவர் வேலையைக் காட்டிவிட்டார். "ஏன் ஆசிரியராக விரும்புகிறாய்?" என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. "எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பாங்க இந்திரா. பாவம், அதைக் கேட்டு நாமளும் தூங்கணுமா?" என்றார். அதற்குப் பதிலாக, "உனக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணை எங்களுக்குச் சொல்லிக்கொடு" என்பார்.

டெங்கிலிலிருந்து வந்திருந்தாள் யோகேஸ்வரி. "மோட்டார் சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுக்கட்டுமா மேடம்?" என்றாள். அவளுடைய தேர்வு முடிவுகள் சுமார்தான். எங்கள் துறைத்தலைவர் அவள் பெயரை ஏற்கெனவே மனத்துக்குள் அடித்துவிட்டிருந்தார். அவரையே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரவைத்தாள் அவள். "சார், அவ்ளோ இறுக்கிப் பிடிக்காதீங்க. கீழ விழுந்தா நான் இருக்கேன்ல? ம், இப்ப கியர் போடுங்க." கழுத்துப்பட்டை கட்டிய அந்தக் கண்டிப்பான மனிதர், சற்று நேரத்தில் வாயாலேயே 'ட்ர்ர்ர்' என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். விமலா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அவள் போனதும் நிமிர்ந்து, "பாத்தீங்களா சார், முதல்ல உங்க பயத்தை எடுத்தா. அப்புறம்தான் பாடத்தைத் தொட்டா. அதை நாம சொல்லிக்கொடுக்க முடியாது" என்றார். யோகேஸ்வரிக்கு இடம் கிடைத்தது.

எல்லாப் பிள்ளைகளும் அவளைப் போல இல்லை. செந்தூலைச் சேர்ந்த தினேஷ் ஏட்டுப் படிப்பில் முதல் ஆள். மூன்றாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்காகக் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினோம். முதல் நாளே, இரண்டாம் ஆண்டு படிக்கும் எட்டு வயதுப் பிள்ளைகளின் முன்னால் நின்றவனுக்கு வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பாதி வகுப்பில் வெளியேறி, "முடியல மேடம். என் இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க" என்று விமலாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டான். பயிற்சியை விட்டால் உபகாரச் சம்பளமும் போய்விடும், படிப்பும் நின்றுவிடும்.

வீட்டுக்கு ரயிலேறப் போயிருப்பான் என்று காரை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். கிள்ளான் ரயில் நிலையத்தில், நடைமேடை நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விமலா பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"என்னப்பா, ரயில் இன்னும் வரலையா?"

"வந்துச்சு மேடம். ரெண்டு மூணு போயிடுச்சு."

"அப்ப நீ ஏறலையே. போக உனக்கு மனசு இல்ல லா."

அவன் குனிந்தே இருந்தான். "நாளைக்கு உன் வகுப்புக்கு ஒரு புது ஸ்டூடண்ட் வரும். கொஞ்சம் மக்கு. நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு விமலா எழுந்தார்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அந்தக் குட்டி நாற்காலிகளில் ஒன்றில் முழங்கால் முகவாயில் இடிக்க விமலா உட்கார்ந்தார். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். பாடம் விலங்குகளைப் பற்றியது. "மாடு நமக்கு என்ன தரும்?" என்று தினேஷ் புத்தகத்தைப் பார்த்தபடி கேட்டான். முதலில் உயர்ந்தது விமலாவின் கை.

"சார், சார்! முட்டை!"

வகுப்பே சிரிப்பில் வெடித்தது. ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி எழுந்து இடுப்பில் கைவைத்து, "ஐயோ ஆன்டி! மாடு பால் தரும் லா!" என்றாள். தினேஷும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே, "சரி, அப்ப முட்டை எது தரும்? ஆன்டிக்கு யார் சொல்லிக்கொடுக்கிறீங்க?" என்று கேட்டான். எல்லாக் கைகளும் மேலே. விமலா மேலும் சில தப்புப் பதில்களைச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. தினேஷ் அவரை மறந்தே போயிருந்தான்.

"என்னை மறந்துட்டான் பாரு" என்று காரில் விமலா என் தொடையில் ஓங்கித் தட்டினார். அவ்வளவு பெருமை அவர் முகத்தில்.

இறுதிச் சடங்கு அன்று பள்ளி நாள். எங்கள் திட்டத்தில் படித்து ஆசிரியர்களான பிள்ளைகள் பாடம் முடிந்த கையோடு அப்படியே வந்திருந்தார்கள். சிலர் கையில் சுண்ணக்கட்டித் தூள்கூட இருந்தது. இப்போது கிள்ளானிலேயே ஆசிரியராக இருக்கும் தினேஷ்தான் மாட்டு முட்டைக் கதையைத் தொடங்கிவைத்தான். சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று நான் தாரணியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னதே இல்ல. இன்னும் சொல்லுங்கண்ணே" என்றாள். யோகேஸ்வரி ஒன்று சொன்னாள். இன்னொருத்தி ஒன்று சொன்னாள். விமலாவை நாங்கள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும்தான் அனுப்பிவைத்தோம்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டால் விமலா காத்திருப்பார். யாரும் பேசாவிட்டாலும் அவசரப்பட மாட்டார். சன்னலோரம் போய் வெளியே பார்த்தபடி நிற்பார். "இவ்ளோ நேரம் சும்மா நிக்கிறியே, உனக்குச் சங்கடமா இல்ல?" என்று ஒருமுறை கேட்டேன். "யோசிக்கிற பிள்ளையோட நேரம் இந்திரா அது. நாம ஏன் பேசித் தீர்க்கணும்?" என்றார்.

சென்ற வாரம் திட்டத்தின் புதிய மாணவர்களுக்கு முதல் வகுப்பு. நான்தான் எடுத்தேன். ஒரு பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் சன்னலுக்குப் போனேன். கீழே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கையை உயர்த்தினாள்.

"அந்தப் பிள்ளை கேள்வியே கேக்காது மேடம். நான் அப்படித்தான் இருந்தேன்."

வகுப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.